ஓட்டமா, போக்கா

தொழிலாளர் விசாரணை மன்றத்தின் மூன்றாம் மாடியில் எல்லோரும் அவளைத் துபாஷி என்றுதான் கூப்பிட்டார்கள். பதவியின் பெயர் மொழிபெயர்ப்பாளர். அதை வாய் நிறையச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சாட்சியே பேசி முடித்துவிடலாம் என்று விசாரணை அதிகாரி இந்தப் பழைய சொல்லை எங்கிருந்தோ தோண்டி எடுத்து அவளுக்குச் சூட்டினார். அவள் மறுப்புச் சொல்லவில்லை. மறுக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஓடிப்போனவர்கள் பேசுவதை அதிகாரிக்குப் புரியும்படி சொல்வது அவளுடைய வேலை. வேறு நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் வேலையிலிருந்து காணாமல் போனால் நிறுவனம் புகார் கொடுக்கும். பிடிபட்டவரோ தானாக வந்தவரோ, நீள மேசைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்காருவார். அவர் வேலையை விட்டு வெளியேறினார் என்று முடிவானால் வேறு இடத்தில் வேலை தேடிக்கொள்ளலாம். தப்பியோடினார் என்று முடிவானால் அனுமதி ரத்து, அடுத்த விமானம்.

ஆனால் எதிரே உட்கார்ந்தவர்கள் இந்த இரண்டு சொற்களையும் வாயில் போட்டுக்கொள்வதே இல்லை. துருக்கிக்காரர், உள்ளங்காலுக்கு எண்ணெய் தடவினேன் என்பார். அரபு பேசுகிறவர், கால்களைக் காற்றிடம் ஒப்படைத்தேன் என்பார். ஸ்பானிஷ்காரருக்குக் காலைப் புழுதியில் வைப்பது. மலாய்க்காரருக்குக் காலைத் தூக்குவது. இந்திக்காரர் ஒன்பது இரண்டு பதினொன்று ஆகிவிட்டேன் என்பார். துபாஷி வேலைக்கு வருவதற்கு முன்பு, அரைகுறை இந்தி தெரிந்த தட்டச்சர் ஒருவர் அதைக் கேட்டுப் பதினோரு பேர் ஓடியதாகப் பதிவு செய்துவிட்டாராம். மிச்சம் பத்துப் பேர் எங்கே என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதற்குப் பிறகே நிரந்தரமாக ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மேலிடம் ஒப்புக்கொண்டது.

அதிகாரி நல்ல மனிதர். வயிற்றுப்புண் உள்ளவர். மதியத்துக்கு மேல் அவருக்கு முகம் சுருங்கிவிடும். சாட்சி சொன்னதை அவள் எடுத்துச் சொன்னதும், பேனாவை மூடாமல் தலையைத் தூக்கி, "இது ஓட்டமா, போக்கா, மேடம்?" என்று கேட்பார். ஓட்டம் என்றால் ஓட்டம் என்பாள், போக்கு என்றால் போக்கு. தெரியாவிட்டால் தெரியவில்லை என்பாள். வேலை முடிந்து படி இறங்கும்போது முழங்கால் வலிக்கும். வாய் அதைவிட வலிக்கும். நாள் முழுக்க அடுத்தவர்களின் ஓட்டத்தைத் தன் வாயால் ஓடிக் களைத்தவள் அவள்.

அவளுக்கு இத்தனை மொழி வந்தது படிப்பால் அல்ல, அழுக்குத் துணியால். அவளுடைய அப்பா ஒரு சலவை நிலையம் வைத்திருந்தார். ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வரும். கீழே இயந்திரங்கள், மேலே வீடு. பாய்லரைப் பற்றவைத்தால் வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. வேலைக்கு வந்தவர்கள் பல தேசத்தார். வேலை கடுமை, அப்பாவின் வாய் அதைவிடக் கடுமை. அதனால் அடிக்கடி ஏதாவது ஒரு காலையில் ஓர் இஸ்திரி மேசை ஆளில்லாமல் நிற்கும்.

அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கம்பி நீட்டிட்டானா என்று கேட்பார். பதில் ஆளுக்கொரு மொழியில் வரும். வேன் ஓட்டிய துருக்கிக்காரர் உள்ளங்கையால் செருப்பைத் தடவிக் காட்டுவார். பிழியும் இயந்திரத்தில் நின்ற தெலுங்குக்காரர், காலுக்குப் புத்தி சொல்லிவிட்டான் என்பார். காலென்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, புத்தி சொல்ல என்று அப்பா கடுப்போடு கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போனவனின் வேலையையும் சேர்த்துச் செய்வார்கள். எந்த மொழியானாலும் அவள் முதலில் கற்றுக்கொண்டது வணக்கம் சொல்வதை அல்ல, ஒருவன் ஓடிப்போனதைச் சொல்வதைத்தான்.

தமிழில் அப்பாவிடம் ஒரு மூட்டையே இருந்தது. டிமிக்கி கொடுத்தான், நழுவினான், நடையைக் கட்டினான், கடையைக் கட்டினான், தலைதெறிக்க ஓடினான், பிடரியில் கால்படப் பறந்தான். துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடினான் என்பதை மட்டும் அவர் சிரிக்காமல் சொல்வார். அங்கே ஓடுகிறவன் ஓட்டல் துண்டு ஒன்றையாவது சுருட்டிக்கொண்டுதான் போவான். உண்மையாகவே துண்டைக் காணோம்.

அவளுக்கு ஒரு தம்பி, மூன்று வயது இளையவன். பள்ளி முடிந்ததும் பாய்லர் வேலை அவன் தலையில் விழுந்தது. ஒரு நாள் குழாய் மூட்டு தெறித்து நீராவி அவன் முன்கையைச் சுட்டது. இதெல்லாம் ஒரு காயமா என்று அப்பா சொன்னார். அம்மா மருந்து போட்டாள். அக்காதான் அந்த வாரம் முழுக்கப் பாய்லரைப் பார்த்துக்கொண்டாள். காயம் ஆறியது. ஆனால் தம்பி அதற்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் வேனில் மூட்டை இறக்கப் போனான். கடைசி ஓட்டலில் மூட்டைகளை ஒழுங்காக எண்ணிக் கொடுத்துவிட்டு, பின்கதவைச் சாத்திவிட்டு, அப்படியே போய்விட்டான். துருக்கிக்காரர் தனியாகத் திரும்பி வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். செருப்பைத் தடவிக் காட்டவில்லை. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தெலுங்குக்காரர் குனிந்துகொண்டார். வேலையப் பாருங்க என்று சொல்லிவிட்டு அப்பா பாய்லர் அறைக்குள் போனார். அன்றைக்கு எந்த மொழியிலும் யாருக்கும் வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு சொல் பிடித்துக்கொண்டார்கள். வெளியூரில் வேலை கிடைத்துப் போயிருக்கிறான் என்று அம்மா சொன்னாள். அத்தை, ஓடுகாலி என்றாள். அப்பா அவன் பேச்சையே எடுக்கவில்லை. யாராவது கேட்டால் காது கேட்காதவர் மாதிரி இருந்தார். அவள் மட்டும் கேட்டவர்களிடமெல்லாம் ஒரே சொல்லைச் சொன்னாள். ஓடிட்டான்.

அந்த ஆண்டு அவள் வேறு நகரத்துக்குப் போய் ஆசிரியப் பயிற்சியில் சேர வேண்டியவள். இடமும் கிடைத்திருந்தது. பாய்லருக்கு ஆள் இல்லை, அடுத்த வருஷம் போகலாம் என்றார் அப்பா. அடுத்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஒரு நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளை கடல் தாண்டி வேலைபார்ப்பவர். அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு ஓட்டல்காரர்கள் சொந்தமாக இயந்திரம் வாங்கிப் போட்டார்கள், சலவை நிலையம் படுத்தது. கூடவே அப்பாவும் படுத்தார். பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சில் பாதியையும் எடுத்துக்கொண்டது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று அவள் மன்றத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பகலில் ஒரு செவிலி வந்து அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டாள். சாயங்காலத்திலிருந்து காலை வரைக்கும் அவள். இப்படியே ஆண்டுகள் போயின. தலை நரைத்தது. அம்மா போய்ச் சேர்ந்தாள்.

அம்மா இறந்த மறு ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. போய்த் திறந்தாள். பாதி நரைத்த தாடியோடு ஒருவன், தோளில் ஒரு பை. முன்கையில் பழைய தழும்பு.

"அக்கா," என்றான்.

அவள் கையில் நகவெட்டி இருந்தது. "செருப்பை வெளிய விட்டுட்டு வா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மிச்சமிருந்த விரல்களை வெட்டி முடித்தாள்.

அப்பா அவனைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் சில நாள் கழித்து அவன் கத்தியும் சோப்புமாக வந்து உட்கார்ந்தபோது கன்னத்தைக் காட்டினார். அவன் கப்பல் சமையலறைகளில் இருந்திருக்கிறான், பிறகு எங்கேயோ ஒரு லாரிப் பட்டறையில். ஒரு பேருந்து நிலையத்தில் பழைய துருக்கிக்காரரைத் தற்செயலாகப் பார்த்து, அவர் சொல்லித்தான் அம்மா இறந்தது தெரிந்ததாம். இதையெல்லாம் அவன் பகல்நேரச் செவிலியிடம் சொல்ல, அவள் துபாஷியிடம் சொன்னாள். அக்காவும் தம்பியும் நேரடியாகப் பேசிக்கொண்டது மிகக் குறைவு. மருந்து மேசை மேல இருக்கு. குழாய் ஒழுகுது. கதவை நல்லா சாத்து. அவ்வளவுதான்.

அவன் சும்மா இருக்கவில்லை. குழாயைச் சரிசெய்தான். அப்பாவின் விரிப்புகளைத் துவைத்து, மூலைக்கு மூலை பிசகாமல் மடித்து அடுக்கினான். வீட்டு வேலை பாதியாகக் குறைந்தது. அவளுடைய அசதி மட்டும் கூடியது. கோபத்தையும் ஒரு ஆள் சுமக்க வேண்டுமே. இத்தனை காலம் அது எங்கேயோ தூரத்தில் இருந்தது. இப்போது அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தது.

அந்த மாதிரி நாட்களில்தான் மீன் குளிர்பதனக் கிடங்கு வழக்கு வந்தது. தெலுங்கு பேசுகிற ஓர் இளைஞன் அங்கே பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தவன். மேற்பார்வையாளர் குளிர் அறையை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவது வழக்கம் என்றும், அதனால் போனேன் என்றும் அவன் சொன்னான். பூட்டவே இல்லை, பிடிக்காமல் ஓடிவிட்டான் என்றது நிறுவனம். அதே கிடங்கில் அவனுடைய அக்காவும் வேலை செய்தாள். தம்பி போன பிறகும் அவள் அங்கேயேதான் இருந்தாள். அவளையே நிறுவனம் தன் தரப்புச் சாட்சியாக அழைத்து வந்திருந்தது.

அக்காக்காரி மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். பனிக்கட்டியில் வேலை செய்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. தம்பியின் பக்கம் அவள் பார்க்கவில்லை. உங்கள் தம்பி ஓடிப்போனது உண்மைதானே என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டார். துபாஷி அதைத் தெலுங்கில் கேட்டாள். அக்காக்காரி தணிந்த குரலில், காலுக்குப் புத்தி சொன்னான் என்றாள்.

துபாஷி அதை அப்படியே எடுத்துச் சொன்னாள். பொதுவாக ஓடிப்போவதைத்தான் இப்படிச் சொல்வார்கள் என்றும் சொன்னாள். அப்போதே முடிந்திருக்கும். வழக்கறிஞர் பையை மூடத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்தப் பெண் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டதை அவள் பார்த்தாள். சாட்சி முடிக்கவில்லை, மேற்கொண்டு கேட்க அனுமதி வேண்டும் என்றாள் அதிகாரியிடம். அவர் வயிற்றைத் தடவியபடி தலையாட்டினார்.

சாட்சி பேசினாள், நிறுத்தாமல், மேசை விளிம்பைப் பார்த்தபடி. அந்த அறையின் விதி ஒன்று உண்டு. சாட்சி நான் என்று சொன்னால் மொழிபெயர்க்கிறவரும் நான் என்றே சொல்ல வேண்டும். துபாஷி சொன்னாள்:

"புத்தி சொன்னது நான்தான். அவன் போகமாட்டேன்னு அழுதான். ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா விடாம தேடுவாங்க, நான் இங்க இருந்துக்கறேன், நீ போன்னு சொன்னேன். வாசல் வரைக்கும் கூடவே போனேன். அவன் ஓடல. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்."

கடைசி வாக்கியத்தில் துபாஷியின் குரல் கம்மிவிட்டது. தண்ணீர் கேட்டாள். அதிகாரி தன் கண்ணாடிக் குவளையையே நகர்த்திவைத்தார். தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்திருப்பார். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, கடைசி வாக்கியத்தை மறுபடியும் ஒருமுறை, தட்டச்சருக்குக் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னாள்.

இடைவேளையில் நடைபாதையில் அந்தப் பெண் அவளிடம் வந்து, தப்பாக எதுவும் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். சரியாகத்தான் சொன்னாய் என்று துபாஷி சொன்னாள். பூட்டு விஷயத்தை விசாரித்துவிட்டு அதிகாரி அந்த வழக்கில் போக்கு என்று எழுதினார். அந்தத் தம்பிக்கு ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அக்காக்காரி அதே கிடங்கில்தான் இருந்தாள் என்று துபாஷி பிறகு கேள்விப்பட்டாள்.

அக்காக்காரி சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் துபாஷி வீட்டுக்கு வந்தபோது தம்பி கூடத்தில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

எதைக் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தான். அப்புறம் அதையே பிரித்தான்.

"சொன்னா நீ தடுப்பேன்னு நினைக்கலக்கா. நானும் வரேன்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன்."

அவள் பையை நாற்காலியில் வைத்தாள்.

"நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் போனேன்," என்றான். "நீயும் கிளம்பிட்டா அம்மாவ யாரு பாத்துப்பா? என்னால போயிருக்க முடியாது."

அப்பாவின் வாய், பாய்லர், சுட்ட கை என்று அவன் சொல்லக்கூடிய காரணங்களுக்கெல்லாம் அவள் இத்தனை ஆண்டுகளில் பதில் தயாரித்து வைத்திருந்தாள். இதற்கு இல்லை. தன்னை மறந்துவிட்டுப் போனான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் மறக்கவில்லை. அவளைக் கணக்கில் வைத்துத்தான் போயிருக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவள் இருப்பாள் என்று முடிவு செய்திருக்கிறான். சரியாகவும் முடிவு செய்திருக்கிறான். அதுதான் பொறுக்கவில்லை.

சமையலறைக்குப் போய் அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சினாள். ஊட்டினாள். வாயைத் துடைத்தாள். சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணீர் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

அடுத்த வாரம் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். சேர்ந்த நாளிலிருந்து அம்மாவின் சாவைத் தவிர வேறு எதற்கும் அவள் தொடர்ச்சியாக விடுப்பு எடுத்ததில்லை. எதற்கு என்று அதிகாரி கேட்டார். அசதி என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்கும் சேத்து எடுத்துக்கங்க," என்றார்.

வீட்டில் தம்பியிடம் காலைத் தேநீர் குடிக்கும்போது சொன்னாள்.

"நான் போறேன். கொஞ்ச நாளைக்கு."

"எங்க?"

"தெரியல. போனப்புறம் சொல்றேன்."

"எப்பக்கா வருவ?"

அப்பாவை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் எங்கே தலையணை வைப்பது, மாத்திரையைத் துப்பினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பயத்தைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் போய்ட்டு வரேம்ப்பா, தம்பி இருக்கான் என்றாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உருவி எடுத்திருக்கவும் முடியும். அவள் எடுக்கவில்லை, அவரே விடும்வரை உட்கார்ந்திருந்தாள். நேரமாயிற்று. விட்டார்.

பேருந்து கடைசியாகப் போய் நிற்கிற ஓர் ஏரிக்கரைச் சிற்றூரில் விடுதி அறை ஒன்று எடுத்தாள். அங்கே அவள் என்ன செய்தாள் என்றால், தூங்கினாள். ஏரியைப் பார்க்கவே சில நாள் ஆயிற்று. அறையைப் பெருக்க வருகிற பெண் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்துவிட்டுப் போனாள். தம்பி முதலில் ஓயாமல் கூப்பிட்டான். அப்பா முறைக்கிறார், அப்பா சாப்பிடமாட்டேன் என்கிறார். அவள் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். போகப் போக அழைப்பு குறைந்தது. ஒரு நாள் அத்தை கூப்பிட்டாள். கிழவிக்குக் காது மந்தம், நாக்கு மட்டும் கூர்மை. இந்த வயசில் நீயும் ஓடிப்போய்விட்டாயாமே என்று கேட்டாள். ஆமாம் அத்தை என்றாள் துபாஷி. அதற்குமேல் அத்தைக்குக் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியறையில் உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். வீட்டுக்குத் திரும்பவில்லை. மன்றத்துக்கு அடுத்த தெருவில் மாடியறை ஒன்று பார்த்துக்கொண்டாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தெருவைப் பார்த்த ஜன்னல். தம்பிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அவளுடைய துணிமணிகளை அவனே கொண்டுவந்து, படிக்கட்டில் மூச்சு வாங்க நின்று, கொடுத்துவிட்டுப் போனான். இருவருக்கும் சமாதானமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை, அவன் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போவாள். அப்படிப் போன ஒரு நாள் தம்பி கதவைத் திறந்துவிட்டு அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சட்டையில் கஞ்சிக் கறை. முந்தின நாளிலிருந்து அப்பாவுக்குக் காய்ச்சலாம், இவனால் கண்ணை மூடவே முடியவில்லையாம்.

"எப்படிக்கா இத்தனை வருஷம்..." என்றான். முடிக்கவில்லை.

"போய்ப் படு," என்றாள் அவள். "நான் பாத்துக்கறேன். சாயங்காலம் வரைக்கும்."

அவன் அறைவரைக்கும்கூடப் போகவில்லை. கூடத்து நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டது. அவள் அப்பாவின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் இறங்கியபோது காய்ச்சலும் இறங்கியிருந்தது. தம்பியைத் தோளில் தொட்டு எழுப்பினாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தான். அடுத்த மாத்திரை எப்போது என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தன் பேருந்தைப் பிடிக்கப் போனாள்.